பதினான்காவது வளைவு

கையில் கார்ப் பந்தயத்தின் மூன்று நுழைவுச்சீட்டுகளோடு சூசைநாதன் திகைத்து உட்கார்ந்திருந்தபோது சென்ற வாரம் அவரை விட்டுவிட்டு வந்தோம்.

ஒன்று அவருக்கு. ஒன்று பேத்தி ரக்ஷனாவுக்கு. மூன்றாவது யாருக்கு என்பதை மகள் ஜெனிவீவ் வாசலில் காலணியை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அது மாமாவுக்கு. ஜாலான் புசார் போய் அவரையும் கூட்டிக்கிட்டுப் போங்கப்பா. மூணும் பக்கத்துப் பக்கத்து சீட்டு."

மாமா என்றால் அவளுடைய மாமனார் துரைசாமி. சூசைநாதனும் அவரும் பேசிக்கொண்டு பத்து வருடமாகிறது.

பத்து வருடத்துக்கு முன்பு, சிராங்கூன் சாலைக் கோயில் ஒன்றில் ஜெனிவீவுக்கும் துரைசாமியின் மகன் சரத்துக்கும் தாலி கட்டு நடந்தது. தேவாலயத்தில் முதல் நாளே கல்யாணத்தை மந்திரித்து முடித்தாயிற்று, இது எதற்கு என்பது சூசைநாதனின் பிடிவாதம். மகளுக்காகக் கோயில் வாசல்வரை வந்தார். உள்ளே காலெடுத்து வைக்க மாட்டேன் என்று சாலையோரத்திலேயே நின்றுவிட்டார். துரைசாமி பட்டு வேட்டியோடு வெளியே வந்து, போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க இரண்டு கையையும் கூப்பி அழைத்தார். சூசைநாதன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு முடிந்தது. ரக்ஷனா பிறந்த பிறகு அவள் பிறந்தநாளன்று வீட்டில் இரண்டு முறை கேக் வெட்ட வேண்டியதாயிற்று. பகலில் ஒரு தாத்தாவுக்காக, மாலையில் இன்னொரு தாத்தாவுக்காக.

நான்கு வருடம் முன்பு ஜெனிவீவும் சரத்தும் குழந்தையோடு பெர்த் நகரத்துக்குக் குடிபோனார்கள். இப்போது பந்தய வாரத்துக்காக ஜெனிவீவ் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். அவள் அவசரப் பிரிவு டாக்டர். இங்கே இருந்தவரை ஒவ்வொரு வருடமும் கார்ப் பந்தயத்தில் பணி செய்தவள். இந்த வருடம் ஒரு டாக்டர் குறைகிறார் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். சரத்துக்கு வேலையாம், வரவில்லை.

பந்தயத்தில் மகளுக்கு என்ன வேலை என்று சூசைநாதன் ஒருநாளும் விசாரித்ததில்லை. வெயிலில் மயங்கி விழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பாள், ரத்த அழுத்தம் பார்ப்பாள் என்று அவராகவே முடிவு செய்து வைத்திருந்தார்.

*

சனிக்கிழமை முற்பகலில் குவீன்ஸ்டவுன் நிலையத்தில் ரயிலேறியபோதே ஊரின் சாயல் மாறியிருந்தது. சிவப்புச் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், ஆரஞ்சுத் தொப்பிகளோடு ஆறேழு இளைஞர்கள், கழுத்தில் அட்டையும் கையில் வரைபடமுமாக ஒரு தாத்தா.

ரக்ஷனா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். ஒன்பது வயது. ஐந்து வயதில் விட்டுப்போன ஊர் அவளுக்குப் புதிய ஊராகத்தான் இருந்தது.

"பஸ் தாத்தா, கடைத் தாத்தா நம்மகூட வருவாரா?"

முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியதால் சூசைநாதன் பஸ் தாத்தா. ஜாலான் புசாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பதால் துரைசாமி கடைத் தாத்தா. குழந்தை அப்படித்தான் பிரித்து வைத்திருந்தாள்.

"தெரியலம்மா. கேட்டுப் பாக்கலாம்."

"நீங்க கேப்பீங்களா?"

"நீ கேளு."

பூகிஸில் இறங்கி நடந்தார்கள். வரிசை வீடுகளின் கீழே குழாய்கள், ஏணிகள், வண்ணச் சாயப் பீப்பாய்கள். கடையின் பாதிக் கதவு இறக்கியிருந்தது. துரைசாமி வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாகத் தயாராக நின்றார். மருமகள் அவரிடமும் பேசியிருக்கிறாள் என்பது சூசைநாதனுக்குப் புரிந்தது.

ரக்ஷனா ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சூசைநாதன் கடைக்கு முன்னாலிருந்த ஐந்தடி நடைபாதையைத் தாண்டி வெளியே, வெயிலில் நின்றார்.

துரைசாமி அவரைப் பார்க்காமல் சொன்னார். "பாப்பா, உங்க பஸ் தாத்தாவ உள்ள வரச் சொல்லு. எதுக்கு வெயில்ல நிக்கறாரு."

அது குத்தலா, உபசாரமா? சூசைநாதனுக்குத் தெரியவில்லை. உள்ளே போனார்.

துரைசாமி மூன்று பொட்டலங்களைப் பிரித்தார். காதை முழுக்க மூடும் காதுக்கவசங்கள், தொழிற்சாலை ஆட்கள் போடுவது. ரக்ஷனாவுக்கு மஞ்சள், சிறியது. ஒன்றைத் தமக்கு எடுத்துக்கொண்டு மூன்றாவதை மேசைமேல் வைத்தார்.

"இது அவருக்குன்னு சொல்லு. அந்தச் சத்தம் வயசானவங்களுக்கு ஆகாதாம்."

"கடைத் தாத்தாவுக்கு எழுபது, எனக்கு அறுபத்தெட்டுதான்னு சொல்லு" என்றார் சூசைநாதன்.

சாப்பாடு ரேஸ் கோர்ஸ் சாலையில் என்று துரைசாமி ஏற்கெனவே தீர்மானித்திருந்தார். சாலைப் பெயரைப் படித்ததும் குழந்தை நின்றுவிட்டாள்.

"ரேஸ் இங்கயா நடக்குது?"

"அது அந்தக் காலத்துல லா. குதிரை ஓடுச்சு. இப்ப மீன் தலைக் கறிதான் ஓடுது" என்றார் துரைசாமி.

சூசைநாதனுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரைக் குடித்து அடக்கிக்கொண்டார்.

இலை போட்டார்கள். "அவருக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்றார் ஒருவர். "போதும்னு சொல்லு" என்றார் மற்றவர். "அப்பளம் இங்க நிறைய இருக்கு, எடுத்துக்கச் சொல்லு." நாலாவது தடவை ரக்ஷனா கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டாள்.

"நான் என்ன போஸ்ட்மேனா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல?"

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இரண்டு தாத்தாக்களும் குனிந்து மோர் குடித்தார்கள்.

*

சிட்டி ஹால் நிலையத்திலிருந்து மேலே வந்தால் சாலையே இல்லை. எங்கும் வேலி, எங்கும் மனிதர்கள். எந்த மொழி என்று சொல்ல முடியாத பேச்சு காதை மோதியது. தலைக்குமேல் வரிசை வரிசையாக விளக்குகள், பகலில் எரியாமல் குனிந்து நின்றன.

வாயிலில் ஆரஞ்சு மேலங்கி போட்ட ஓர் இளைஞன் சீட்டுகளை வாங்கிப் பார்த்தான். அர்ஃபான் என்று அட்டை சொன்னது. சீட்டிலிருந்த பெயரைப் படித்ததும் அவன் நிமிர்ந்தான்.

"அங்கிள், நீங்க டாக்டர் ஜெனி அப்பாவா?"

"ஆமா."

"நான் அவங்க டீம்ல இருந்திருக்கேன், அங்கிள். இன்னிக்கு அவங்க உங்க ஸ்டாண்டுக்கு நேர் எதிர்லதான். வளைவு பதினாலு." அவன் சற்றுத் தயங்கி, சூசைநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "அவங்க இருந்தா எங்களுக்கெல்லாம் பயம் இருக்காது."

தண்ணீர் கொடுப்பவளைப் பற்றி யாராவது இப்படிச் சொல்வார்களா? சூசைநாதன் யோசித்துக்கொண்டே படியேறினார்.

இரும்புக் குழாய்களால் கட்டிய மேடை. துரைசாமி ஏறும்போதே ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்த்து, "நல்ல சாமான்தான் போட்டிருக்கான்" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். குழந்தையை நடுவில் உட்கார வைத்தார்கள்.

சூசைநாதன் கீழே பார்த்தார். பார்த்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார்.

அவருடைய சாலை! எஸ்பிளனேட் பாலத்திலிருந்து இறங்கி, ராஃபிள்ஸ் அவென்யூவுக்குள் வலது பக்கம் திரும்பும் அதே வளைவு. எத்தனை ஆயிரம் முறை இங்கே மாடிப் பேருந்தைத் திருப்பியிருப்பார்! பாலம் முடிவதற்குள் காலைப் பிரேக்கில் வைக்க வேண்டும். கீழ்த்தளத்தில் நிற்பவர்கள் சாயாமல் மெதுவாக, ஒரு கிழவியைக் கைப்பிடித்து அழைத்துப்போவதுபோல வண்டியைத் திருப்ப வேண்டும். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் பின்னாலிருந்து திட்டு விழும்.

இப்போது இரண்டு பக்கமும் கம்பி வலையும் தடுப்புச் சுவரும் கட்டி, யாரோ அந்தச் சாலைக்கு வேறொரு பிறவி கொடுத்திருந்தார்கள்.

ஐந்தரை மணிக்குப் பயிற்சி ஓட்டத்தின் முதல் சத்தம் கேட்டது. எங்கோ தொலைவில், கட்டடங்களுக்குப் பின்னால், பெரிய துணியை யாரோ கிழிப்பதுபோல. ஆட்கள் எழுந்தார்கள். துரைசாமி காதுக்கவசத்தைக் குழந்தைக்குச் சரியாக மாட்டினார்.

பாலத்தின் மேல் ஒரு புள்ளி தெரிந்தது.

அடுத்த கணம் அது இங்கே இருந்தது. இடையில் என்ன நடந்தது என்பதைக் கண் சொல்லவில்லை. பூமியோடு ஒட்டிய ஏதோ ஒன்று, பளபளவென்று, இன்ஜினின் நெஞ்சை அதிரவைக்கும் உறுமலோடு வளைவுக்குள் விழுந்து, திரும்பி, இல்லாமல் போயிற்று. மேடை அதிர்ந்தது. சூசைநாதனின் விலா எலும்புகள் அதிர்ந்தன. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை.

"கர்த்தரே" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்து, அவர் பேருந்தின் பிரேக்கைத் தொடும் இடத்தையும் கடந்து, இன்னும் கடந்து, இனி முடியாது என்று அவர் உடம்பே கூசும் இடத்தில்தான் மிதித்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர் வலது கால் தானாகப் பலகையை அழுத்தியது.

துரைசாமி அதைப் பார்த்துவிட்டார். பத்து வருடத்தில் முதல் முறையாக நேராகக் கேட்டார், காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு.

"நீங்க இந்த ரோட்டுல ஓட்டியிருக்கீங்களா?"

"ஓட்டியிருக்கேன். இதே வளைவு."

"இப்படியா?"

"நான் இப்படித் திருப்பியிருந்தா பஸ் ஆத்துல கெடக்கும்!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். ரக்ஷனா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

*

ஆறு மணி தாண்டியிருக்கும். வானம் மெல்லச் செம்மை கட்டியது. தலைக்குமேல் விளக்குகள் ஒன்றுசேர எரிய, சாலை வெள்ளித் தகடு மாதிரி மின்னியது. குழந்தை 'ஆ' என்று வாயைப் பிளந்தாள்.

அப்போதுதான் அந்த நீல நிறக் கார் வந்தது.

பாலத்தை விட்டு இறங்கும்போதே அதன் பின்பக்கம் ஒரு கை அகலம் விலகியதைச் சூசைநாதன் பார்த்தார். ஓட்டுநரின் கண் அல்லவா. 'போச்சு' என்று நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் கார் சுழன்று, பக்கவாட்டில் தடுப்புச் சுவரில் மோதியது. சக்கரம் ஒன்று பிய்ந்து, அதைக் காரோடு பிணைக்கும் கயிற்றில் தொங்கியது. காரின் உடைந்த கறுப்புத் துண்டுகள் மழையாகக் கொட்டின.

பிறகு நிசப்தம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்திய நிசப்தம். சிவப்பு விளக்குகள் மின்னத் தொடங்கின. மற்றக் கார்களின் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

ஓட்டுநர் வெளியே வரவில்லை. கையை ஒரு முறை உயர்த்தினார். உடனே அது கீழே விழுந்தது.

எதிர்ப்பக்கம் சுவரில் ஒரு சின்னக் கதவு திறந்தது. ஆறு பேர் வெளியே ஓடி வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி மேலங்கி, ஒரே மாதிரித் தலைக்கவசம். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது குள்ளமான ஓர் உருவம். முதுகில் 'டாக்டர்' என்று எழுதியிருந்தது.

ரக்ஷனா காதுக்கவசத்தைக் கழற்றினாள்.

"அது அம்மா."

"எப்படிம்மா தெரியும்?" என்றார் துரைசாமி.

"அம்மா ஓடினா வலது கால் வெளிப்பக்கமா போகும்."

சூசைநாதனுக்கு அது தெரியும். ஜெனிவீவின் பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் அவரே பார்த்துச் சிரித்த ஓட்டம். மகள்தான். உடைந்த காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள். புகை வந்துகொண்டிருந்தது, எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. தீயணைப்பான்களோடு இரண்டு பேர் இரண்டு பக்கமும் குறிபார்த்து நின்றார்கள். அவள் நேராகப் போய் அந்த ஓட்டுநரின் இருக்கைக்குள் தலையை நுழைத்தாள்.

அந்த நேரத்தில் நாலு பேர் பெரிய வெள்ளைத் துணித் தட்டிகளைக் கொண்டுவந்து காரைச் சுற்றிப் பிடித்தார்கள். எல்லாம் மறைந்துவிட்டது.

"ஏன் மறைக்கறாங்க? என்னாச்சு?" என்றார் துரைசாமி.

"பயப்படாதீங்க, கடைத் தாத்தா. யாரும் போட்டோ எடுக்கக்கூடாதுன்னு எப்பவும் மறைப்பாங்க." ரக்ஷனா இரண்டு தாத்தாக்களின் கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லிட்டிருந்தன. ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. "இப்ப அம்மா அவரோட கழுத்த ரெண்டு கையாலயும் பிடிச்சிருப்பாங்க. ஆடாம. அம்மா கையெடுக்கற வரைக்கும் மத்தவங்க யாரும் பேசக்கூடாது. அம்மா மட்டும்தான் பேசணும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வீட்ல சாப்பாட்டு நாற்காலில பிராக்டிஸ் பண்ணுவாங்க. நான்தான் டிரைவர்."

சூசைநாதன் அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப பேரு கேப்பாங்க. கால் விரல அசைக்கச் சொல்லுவாங்க. அவருக்கு வலிச்சா, சீட்டோட சேத்துத் தூக்குவாங்க. சீட்டு தனியா வந்துடும், தெரியுமா? அவர் அதுல உக்காந்த மாதிரியே இருப்பாரு."

"கீழ பாருங்க" என்று துரைசாமி திடீரென்று சொன்னார்.

தட்டிகளுக்கும் சாலைக்கும் நடுவே ஓரடி இடைவெளி இருந்தது. அங்கே காலணிகள் தெரிந்தன. கறுப்புக் காலணிகள், காரைச் சுற்றி ஊன்றி நின்றன. அவற்றில் ஒரு ஜோடி மட்டும் குதிகால் தரையில் படாமல் விரல் நுனியில் நின்றது. குள்ளமானவள், எட்ட வேண்டியிருந்தது.

அந்த இரண்டு குதிகால்கள் அசையவில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். சூசைநாதனுக்குத் தம் கெண்டைக்கால் வலித்தது. மூன்று நிமிடம். சுற்றிலும் இருந்த மனிதர்கள், எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்தவர்கள், எழுந்து நின்றபடியே காத்திருந்தார்கள். ஒரு வயதான ஜப்பானியர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"ரெடி" என்று அம்மாவின் கட்டளைகளை ரக்ஷனா முணுமுணுத்தாள். "பிரேஸ்." கண்ணை மூடிக்கொண்டாள். "லிஃப்ட்."

கீழே, எல்லாக் காலணிகளும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்தன. அந்த விரல் நுனிகளும் அவற்றோடு, ஒரே சீராக.

தட்டிகள் விலகியபோது ஓட்டுநர் படுக்கையில் கட்டப்பட்டிருந்தார். ஆம்புலன்ஸ் கதவுக்குள் போகும் முன்னால் அவர் கட்டைவிரலை உயர்த்தினார். மேடை முழுக்கக் கைதட்டல் வெடித்தது. கார்களுக்காக எழுந்த சத்தத்தைவிட அது பெரிதாக இருந்தது. 'ஓட்டுநருக்கு நினைவு நன்றாக இருக்கிறது, கை கால் அசைகிறது' என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

ஜெனிவீவ் கூட்டத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கையுறைகளைக் கழற்றிக்கொண்டே அந்தச் சின்னக் கதவுக்குள் போய் மறைந்தாள்.

சூசைநாதன் திரும்பினார். துரைசாமி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையையும் கூப்பி, அந்தக் கதவைப் பார்த்தபடி. கன்னத்தில் ஈரம்.

அந்தக் கைகள். பத்து வருடம் முன்னால் பார்த்த அதே கைகள்.

"சம்பந்தி" என்றார் சூசைநாதன். "அன்னிக்கு நான் உள்ள வந்திருக்கணும். நீங்க அவ்வளவு பேர் முன்னால வந்து கூப்பிட்டீங்க. நான் செஞ்சது ரொம்பத் தப்பு."

துரைசாமி கையை இறக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு அது ஆறவே இல்ல சம்பந்தி. பொய் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு உட்கார்ந்து, பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். "உக்காருங்க. எதுக்கு நிக்கறீங்க."

*

ஏழு மணிக்கு அர்ஃபான் மேடைக்கு வந்தான். "டாக்டருக்கு இருபது நிமிஷம் பிரேக், அங்கிள். உங்க மூணு பேரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

மேடைக்குப் பின்னால், ஊழியர்கள் போகும் வேலி ஓரத்தில் ஜெனிவீவ் நின்றிருந்தாள். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது, கன்னத்தில் தலைக்கவசத்தின் தடம். ரக்ஷனா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, நான் எல்லாம் கரெக்டா சொன்னேன்! லிஃப்ட் கூட!"

"தெரியும்டா." அவள் மகளின் உச்சியில் முத்தமிட்டாள். நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தாள். "பயந்துட்டீங்களா?"

சூசைநாதன் மகளின் கைகளை எடுத்துத் தம் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவ்வளவு நேரம் அசையாமல் இருந்த கைகள்!

"நீ தண்ணி குடுக்கற வேலை பாக்கறேன்னு நெனச்சேன்மா" என்றார்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையை அர்ஃபானோடு ஐஸ்கிரீம் வாங்க அனுப்பினாள். அவர்கள் பத்தடி போனதும் பேசினாள்.

"அப்பா, மாமா. உங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சதே இதுக்குத்தான். தனித்தனியா சொன்னா ரெண்டு கதை ஆயிடும். சரத் வராதது வேலையால இல்ல. சண்டை போட்டுட்டுத்தான் வந்தோம்."

துரைசாமி வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"எமர்ஜென்சி வேணாம், ஏதாவது கிளினிக்ல உக்காருன்னு ரெண்டு வருஷமா சொல்றாரு. இந்தத் தடவை, ரேஸுக்குப் போனா திரும்பி வர்றப்ப அந்த வேலைய விட்டுடணும்னு சொல்லிட்டாரு. என்னால முடியாது மாமா. இங்க ஆஸ்பத்திரில வேலை கேட்டிருந்தேன், குடுத்துட்டாங்க. நேத்து சரின்னு சொல்லிட்டேன். நானும் ரக்ஷனாவும் இங்கயே இருக்கப் போறோம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. போன்ல எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பின்னால் ஏதோ இசை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கி சோதித்தார்கள்.

"அவனுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தவனே நான்தான்மா" என்றார் துரைசாமி. "பொம்பளப் புள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரி பகல் பாக்காம என்ன வேலைன்னு நான்தான் போன்ல சொன்னேன். ஒரு தடவ இல்ல. பல தடவ." அவர் நிமிர்ந்தார். "நான் பேசறேன் அவன்கிட்ட."

ஜெனிவீவ் தலையாட்டினாள். குனிந்து மாமனாரின் கையைத் தொட்டாள். பிறகு தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு, அந்தக் கால் வெளிப்பக்கம் போகும் நடையோடு வேலிக்குள் போனாள்.

*

அடுத்து சிறிய கார்களின் பந்தயம் ஒன்று தொடங்க இருந்தது. மூவரும் இருக்கைக்குத் திரும்பினார்கள். துரைசாமி மட்டும் உட்காராமல் படிக்கட்டின் முனைக்குப் போய் மகனை அழைத்தார். பாதிப் பேச்சு சூசைநாதனுக்குக் கேட்டது.

"டேய், உன் பொண்டாட்டி செய்யற வேலைய நீ கண்ணால பாத்திருக்கியா? இன்னிக்கு நான் பாத்தேன்டா... நீ முதல்ல கேளு... நான் சொன்னதெல்லாம் தப்பு, அத மறந்துடு..."

பிறகு துரைசாமி கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். நெடுநேரம். அவருடைய முதுகு மெல்லக் குனிந்தது.

திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. ரக்ஷனா முன்வரிசைக் கம்பியில் சாய்ந்து நின்று, கீழே சுத்தம் செய்கிறவர்களுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழாத தூரம்தான்.

"என்ன சொன்னான் சம்பந்தி?"

துரைசாமி உட்கார்ந்தார். "உங்ககிட்ட மறைக்கப் போறதில்ல. நாளைக்குக் காலைல சாங்கி ஏர்போர்ட்டுல வந்து இறங்கறான். டிக்கெட் போட்டாச்சாம். வர்றதுக்கு ஒண்ணு. திரும்பிப் போறதுக்கு ரெண்டு."

"ரெண்டா?"

"அவனுக்கும் பாப்பாவுக்கும்."

சூசைநாதனின் கண் தானாகப் பேத்தியின்மேல் போயிற்று.

"ஜெனிகிட்ட சொல்லிடாதீங்கன்னு கெஞ்சறான். சொன்னா அவ குழந்தைய எங்கயாவது கொண்டுபோய் வச்சுடுவாளாம்."

எதிரே, தடுப்புச் சுவரின் சின்னக் கதவு மூடியிருந்தது. அதற்குப் பின்னால் மகள் அடுத்த விபத்துக்குத் தயாராக நின்றுகொண்டிருப்பாள். இப்போது அவள் மனம் கலங்கக் கூடாது. ஆனால் காலையில்?

"சொல்லணுமா, வேணாமா?" சூசைநாதன் கேட்டார். "அவன் உங்க பிள்ளை. நீங்க சொல்லுங்க சம்பந்தி, நாம என்ன செய்யப் போறோம்?"

துரைசாமி அவர் பக்கம் திரும்பினார். ஏதோ முடிவுக்கு வந்தவர்போல அவர் தோளைப் பற்றினார். வாயைத் திறந்தார்.

பந்தயம் தொடங்கிவிட்டது; பாலத்தின்மேல் அந்தச் சிறிய கார்கள் இருபதும் ஒன்றாக வந்து இறங்கின. மேடை குலுங்கியது. சம்பந்தியின் உதடுகள் அசைவது மட்டும் சூசைநாதனுக்குத் தெரிந்தது.